எல்லாப் படத்திலும் பிரேமாவதி

“சமூகப் பணியாளர் என்பவர் உதவி நாடி வருவோரிடம் தொழில்முறை இடைவெளி காப்பார், அன்பளிப்பு ஏற்கமாட்டார், தேவையின்றிப் பேசமாட்டார், எந்நிலையிலும் தம்மை முன்னிறுத்திக்கொள்ளமாட்டார்.” திகாம் பத்துக் குடும்ப நல மையத்தின் சுவரில் இது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்து, உதவி நாடி வந்த ஓர் அம்மாள் கொண்டுவந்த வாழைப்பழப் பொரியலான பீசாங் கோரெங்கைச் சாப்பிட்டபடி, அந்த அம்மாளுக்கு மருமகளைச் சமாளிக்க வழி சொல்லிக்கொண்டிருக்கிறார் பிரேமாவதி. “எண்ணெ ஜாஸ்தி லா. அடுத்த வாட்டி கொஞ்சம் வடிய விட்டுக் கொண்டாங்க.”

ஐம்பதைத் தாண்டிய வயது. பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிய குடும்பம். மையத்தின் அடையாள அட்டை எப்போதும் கழுத்தில் தொங்கும். அலுவலகத்தில் மட்டுமல்ல, பாசார் மாலாம் இரவுச் சந்தையிலும், கோயிலிலும், கல்யாணப் பட்டுச்சேலையின் மேலும். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவர் கணவர் மணியம் சொல்கிறார். மணியம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். இதை நான் பாதியாவது நம்புகிறேன்.

பிரேமாவதிக்குப் படம் எடுத்துக்கொள்வதென்றால் பிடிக்கும் என்று சொல்வது போதாது. பாலர் பள்ளித் திறப்பு விழா, இரத்த தான முகாம், முன்பின் தெரியாத ஒருவரின் அறுபதாம் கல்யாணம் என்று எந்தப் படத்தை எடுத்தாலும் அதில் இருப்பார். இடப்பக்கமாக நிற்பவர்களை நகர்த்திவிட்டுத் தன் வலது கன்னத்தைக் கொடுப்பார். “எனக்கு இந்தப் பக்கந்தான் எடுப்பு. அந்தப் பக்கம் எங்கப்பா மாதிரி இருக்கும்.” மையத்தின் ஆண்டு மலரில் ஒரே ஒரு படத்தில் அவர் இல்லை என்று நினைத்தேன். ஓரத்தில் தெரிந்த முழங்கையைத் தொட்டுக் காட்டி, அது தன்னுடையதுதான் என்றார்.

பேச்சும் அப்படித்தான். மழை, செம்பனை விலை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று எல்லாம் வரும். ஆனால் தன்னிடம் வந்த பெண்களைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. பாடாங் மேஹாவிலிருந்து ஒரு மாமியார், ஓடிப்போன மருமகள் எங்கே என்று அறிய, மையத்துக்கு அடிக்கடி வந்துபோனார். ஒவ்வொரு முறையும் தேத்தண்ணி கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது, நீரிழிவுக்குப் பாகற்காயை எப்படிச் சமைப்பது என்று விளக்கமாகத் தெரிந்தது. மருமகள் மட்டும் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு இரகசியம் காப்பதை நான் இவரிடம்தான் பார்த்தேன்.

அந்த மருமகளை ரூபினி என்று வைத்துக்கொள்வோம். இதை எழுதுவதானால் பெயரை மாற்ற வேண்டும் என்பது பிரேமாவதியின் நிபந்தனை. எல்லாருடைய பெயரையும் அவரே தேர்ந்தெடுத்தார். தனக்கான பெயருக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். திகாம் பத்து திகாம் பத்துதானா என்றும் என்னைக் கேட்காதீர்கள்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் அவர் செய்ததே வேறு. கோபித்துக்கொண்டு வந்த மனைவியைச் சமாதானப்படுத்தி, கோயிலில் வைத்துக் கணவன் கையில் ஒப்படைப்பார். தோட்டமே கைதட்டும். படமும் எடுப்பார்கள். அப்படி ஒப்படைத்த ஒருத்தி, அடுத்த திருவிழாவுக்குள் கையில் கட்டோடு திரும்பி வந்தாள். அதன்பிறகு பினாங்குக்குப் போய் வார இறுதி வகுப்பில் சமூகப் பணி படித்தார். இப்போது முதலில் பெண்ணைக் கேட்கிறார், பிறகு போலீஸ், பிறகு பாதுகாப்பான ஒரு வீடு. “அப்ப சேத்து வச்சேன், நல்லவன்னாங்க. இப்ப மறைச்சு வக்கிறேன், குடும்பத்தக் கெடுக்கிறவங்கிறாங்க. சம்பளம் ரெண்டுக்கும் ஒன்னுதான்.”

ரூபினி மூன்று வயது மகளோடு வந்து, திகாம் பத்து வட்டாரத்திலேயே ஒரு வாடகை அறையில் இருந்தாள். கணவன் எல்லாத் தோட்டத்து உறவுக்காரர்களிடமும் விசாரித்துக்கொண்டிருந்தான். கண்டுபிடித்தால் என்ன செய்வான் என்பதற்கு அவள் இடது காதே சாட்சி. அவள் இருக்கும் ஊர் வெளியே தெரியக்கூடாது. காரியம் அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் வட்டாரச் சங்கம் மண்டபத்தில் வைத்து ஏழைகளுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுக்கும். தலைவர் காளிதாசன் இரும்புக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஆனால் கொடுத்ததைப் படம் எடுக்காவிட்டால் கொடுத்ததாகவே அவருக்குத் தோன்றாது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. படத்தைப் பார்த்துத்தான் பணம் தரும் ஆதரவாளர்கள் அடுத்த வருடத்துக்கும் சரி என்கிறார்கள். பிரேமாவதி அவரிடம் முன்கூட்டியே பேசியிருந்தார். முதியவர்களை மட்டும் மேடையில் படம் எடுப்பது, மற்றவர்கள் பின்னால் சமையல்கட்டில் வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அதை நம்பித்தான் ரூபினியை வரச் சொன்னார்.

சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஆதரவாளருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. கைத்தடியோடு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்ததும், சிறு வயதுத் தாய் ஒருவர் வந்தால் படம் நன்றாக இருக்கும் என்றார். அறிவிப்பாளர் உடனே ஒலிபெருக்கியில், “தனித்து வாழும் தாய் ஒருவரை மேடைக்கு அழைக்கிறோம்” என்றார். காளிதாசன், ஏற்பாட்டை மறந்து, நல்லெண்ணத்தோடு சமையல்கட்டு வாசலைக் கைகாட்டினார். அங்கே மகளை இடுப்பில் வைத்து மீகூன் சேமியா ஊட்டிக்கொண்டிருந்த ரூபினி அப்படியே நின்றுவிட்டாள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணியில் ஊர் பெயர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

பிரேமாவதி மேடையோரம் போய்த் தலைவரின் காதில் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“முகத்த மறைச்சிரலாம் அக்கா. இப்பல்லாம் ஃபோன்லயே செய்யலாம்.”

“புருசனுக்கு எதுக்கு முகம்? முதுகே போதும். அந்தப் புள்ளையோட ரிப்பன் போதும்.”

“ஆள கூப்பிட்டாச்சேக்கா. யாரும் வரலன்னா அடுத்த வருசம் இந்தக் கெழவிகளுக்கும் சேத்து இல்லன்னுருவாங்க. நா என்ன செய்ய?”

சுவரில் தொங்கும் வாசகங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “யாரக் கூப்பிட்டாங்கன்னு பேர் சொல்லலல்ல?” என்று மட்டும் கேட்டார். அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, பையை என்னிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

ஆதரவாளருக்கு அவரைத் தெரியாது. மண்டபத்துக்கு நன்றாகத் தெரியும். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியது. பிரேமாவதி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், அது அடங்கியது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மணியம், தன் மனைவி தனித்து வாழ்வதை முதல்முறையாகக் கேள்விப்பட்டு, வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

படம் மறுநாளே, ‘தனித்து வாழும் தாய்’ என்ற குறிப்போடு முகநூலில் வந்தது. கூலிமிலிருந்து மணியத்தின் பெரியம்மா மகன் ஒருவர் அழைத்து, மிகத் தயக்கத்தோடு, காரியம் எப்போது நடந்தது என்று விசாரித்தார். “நான்தான் பேசுறேன் லா. இன்னும் உசுரோடதான் இருக்கேன்,” என்றார் மணியம். பாடாங் மேஹா மாமியாரும் படத்தைப் பார்த்திருக்கிறார். பாவம், அந்த அம்மாவுக்கே சோற்றுக்கு வழியில்லையாம், அவர் எங்கே ஊர்ப் பெண்ணை வைத்துச் சோறு போடப்போகிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு, மையத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆதரவாளரை ஏமாற்றியது மட்டும் சரியா என்று கேட்டேன். இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்பதற்குத்தானே நம்மைப் படிக்க வைத்தார்கள். “பொய்தான். மையத்து மீட்டிங்ல நானே சொல்லிட்டேன். வார்னிங் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்.” காளிதாசனும் ஆதரவாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாராம். அவர் கோபித்துக்கொண்டாரா என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை.

தன் கைப்பேசியிலுள்ள படங்களைப் பிரேமாவதி எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பாலர் பள்ளி, இரத்த தானம், அறுபதாம் கல்யாணம். அந்த மேடைப் படம் அதில் இல்லை. மணியத்தின் கைப்பேசியில்தான் பார்த்தேன். படம் எடுத்தவர் தப்பான பக்கத்தில் நின்றிருக்கிறார். அப்பா மாதிரி இருக்கும் இடது கன்னம் முழுதாக விழுந்திருக்கிறது. நிமிர்ந்து பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தவர் இரண்டு முறை கூப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. பிரேமாவதி நிமிரவில்லை. தலையைக் குனிந்தபடி, இரண்டு கைகளையும் நீட்டி, ரூபினிக்கு வந்த அரிசியை வாங்கிக்கொண்டார்.