ஏழு வெற்றுத் தாள்கள்

எண்பதுகளில், புலம்பெயர்ந்து வந்த மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் பேஸ்ட்-அப் வேலை பார்த்தேன். டைப்செட் ஆகி வரும் புரோமைட் தாளை வெட்டி, பின்பக்கம் மெழுகு பூசி, பக்க அட்டையில் நேராக ஒட்ட வேண்டும். வேலை சுத்தம் என்று பெயர் எடுத்திருந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டோனா எமிலியா எங்கள் கவுண்டரில் நின்று, தன் புத்தகத்தின் அச்சான தாள்களைப் புரட்டினார். எழுபதை நெருங்கிய போர்த்துக்கேயக் கவிஞர், கிளென் ஈடனில் மகளோடு இருந்தார். அவருடைய முதல் புத்தகம் அது. வெறும் பக்கங்கள் எங்கே என்று கேட்டார்.

நான் பெருமையாகவே பதில் சொன்னேன். பிரதிக்கு நடுவே ஏழு வெற்றுத் தாள்கள் கிடந்தன, தவறி வந்தவை என்று எடுத்துவிட்டு ஏழு பக்கம் மிச்சம் பிடித்தேன் என்றேன். யாழ்ப்பாணத்து அச்சகத்தில் பழகிய கை. எழுபதுகளில் அங்கே கடதாசிக்குப் பெரும் தட்டுப்பாடு. இரண்டு விரல் இடம் சும்மா கிடந்தாலும் முதலாளி கத்துவார்.

டோனா எமிலியா கதிரையில் உட்கார்ந்து அழுதார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"லிஸ்பன்ல சர்வாதிகார ஆட்சி நடக்கேக்க நான் பேப்பருக்குக் கவிதை எழுதினனான். தணிக்கைக்காரர் நீலப் பென்சிலால வெட்டுவினம். வெட்டின இடத்தை வெறுமையா விடவும் கூடாது, சனத்துக்குத் தெரிஞ்சிடும். மற்ற எழுத்தை இழுத்து மூடித்தான் அடிக்கோணும். என்ர ஏழு கவிதை அப்பிடிப் போச்சு. பிரதியும் இல்லை, எனக்கும் மறந்துபோச்சு. அந்த இடத்தையாவது வைப்பம் எண்டு பாத்தன். நீங்களும் மூடிப்போட்டியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுத்துப் பிழை பார்க்கும் புரூவை மட்டும் அவருக்குக் காட்டிவிட்டு, பக்க அமைப்பின் புரூவைக் காட்டாமல் அச்சுப் பிளேட் போடக் கொடுத்தது என் பிழை என்று எங்கள் முதலாளி பிரையனிடம் ஒப்புக்கொண்டேன். அவருக்கு முகம் சிவந்தது. திருத்துவதென்றால் உன் சாப்பாட்டு நேரத்தில் திருத்து என்றார். மெஷின் ஓட்டும் மலேசியத் தமிழர் மணியம்தான் தோளில் தட்டினார். "நீங்க ஒட்டிக் கொடுங்கண்ணே, மெஷின நான் பாத்துக்கிறேன்."

புதனிலிருந்து மூன்று மதியம். டோனா எமிலியா தினமும் பஸ் ஏறி வந்து, நான் பக்கம் ஒட்டும் லைட் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்தக் கவிதைக்குப் பிறகு வெறும் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்கும் சேர்த்து மத்தி மீன் வைத்த பாண் கொண்டுவருவார். வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம் என்று சொல்ல வாய் வரவில்லை. செய்த பிழைக்கு அதையும் தின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஐந்தாவது வெறும் பக்கத்துக்கு வந்தோம். அட்டையில் விரலை வைத்தவர் அதை எடுக்கவில்லை. வாய் முணுமுணுத்தது. பிறகு தன் மொழியில் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். என் பேனையைப் பறித்து, பாண் சுற்றிய கடதாசியில் பத்தொன்பது வரி எழுதினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, தொலைந்த ஏழில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது என்பது மட்டும் விளங்கியது.

உடனே டைப்செட் செய்து, மெழுகு பூசி எடுத்து வந்தேன். அட்டைக்கு மேலே கை போனது. இந்த முறை நிறுத்திக்கொண்டேன்.

"இதில ஒட்டட்டோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஒட்டுங்கோ," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "மற்ற ஆறையும் தொடாதேங்கோ."

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வேலை செய்தேன். வெற்றிடம் கண்டால் கை துடிக்கத்தான் செய்யும். வாடிக்கையாளரைக் கேட்காமல் ஒன்றைக்கூட மூடியதில்லை.