ஆத்தூரில் மார்த்தா வரைந்த இரண்டு சுழிகள்

இரண்டு வருடமாக மாடு வரைந்து பழகுகிறேன். பின்னங்கால் மட்டும் நாற்காலிக் கால் மாதிரியே வந்து தொலைகிறது. ஆத்தூரில் வாடகைக்குக் குடியிருக்கும் பெல்ஜியம் ஓவியர் மார்த்தா, ஆடு மாடு கோழி தவிர எதையும் வரைவதில்லை என்று தோழி சொன்னாள். கற்றுக்கொள்ளாமல் திரும்புவதில்லை என்று போன மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

மதுரையில் காலை 6.15க்குப் பஸ். திண்டுக்கல் 65 கி.மீ., ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து செம்பட்டி வழியாக டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உட்கார இடமும் கிடையாது. இறங்கியதும் ஆட்டோவுக்கு 80 ரூபாய்.

"வெள்ளக்காரம்மா வீடா? அங்கிட்டு ஒரு சண்டை ஓடுதுல்ல!" என்றார் ஓட்டுநர்.

ஓடியது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளின் கணவர் வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து படுத்திருக்கிறார். ஒற்றைப் பசுவின் பாலில்தான் குடும்பம் ஓடுகிறது. அந்தப் பசுவைப் பின்னாலிருந்து வரைந்து மார்த்தா பரிசாகக் கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாக யார் கண்ணிலும் படாதது காகிதத்தில் பட்டுவிட்டது: முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு முடிச்சுழிகள். பாடைச்சுழியாம், வீட்டில் சாவு விழுமாம். விற்றே ஆகவேண்டும் என்று கொழுந்தன் முருகன் தரகரோடு வந்து நிற்க, பேச்சியம்மாள் எல்லோரையும் மார்த்தா வீட்டுக்கே இழுத்து வந்திருந்தார்.

"நான் அழிச்சிடறேன்," என்று மார்த்தா ரப்பரை எடுத்தார்.

"அழிக்காதீக. எம்மாடு அப்பிடித்தேன். ஊரு மாடு பூராவும் ஒங்க நோட்டுல இருக்குல்ல, அதைக் கொண்டாங்க."

பேச்சியம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரை மணி நேரம் யாரையும் நகரவிடவில்லை. மூன்றாவது நோட்டில் முருகன் செல்லமாக வளர்க்கும் கிடாரிக் கன்று. அதே இடத்தில் அதே இரண்டு சுழிகள்.

முருகன் குனிந்து பார்த்தார். "இந்தம்மா தப்பா வரஞ்சிருக்கு மதினி."

"அப்ப எம்மாட்டயும் தப்பாத்தேன் வரஞ்சிருக்கு, தம்பி."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

போகிறவர்கள் பத்து மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்விடும். மார்த்தா கற்றுத்தரக் காசு வாங்குவதில்லை, அவசரப்படுகிறவர்களை உட்காரவிடுவதும் இல்லை. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சண்டையில் அன்று மேய்ச்சலுக்குப் போகாமல் கட்டிக் கிடந்த பேச்சியம்மாளின் பசுவையே மதியம் வரை வரைந்தேன். வீண் வம்பு எதற்கு என்று சுழிகளை மட்டும் விட்டுவிட்டேன். தண்ணீர்ச் செம்போடு வந்த பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"சுழி எங்க? ரெண்டையும் போடு தாயி. யாருக்குப் பயந்துக்கிட்டு?"

போட்டேன்.