படகுக்குப் போட்ட கார் பாலிஷ்

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் பிரிவில் வேலை செய்கிறேன். கீறலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மணிமங்கலம் ஏரியில் மீன் பிடிக்கும் என் அண்ணனின் ஃபைபர் படகில் பெயின்ட் உரிந்திருந்தது. லீவு நாளில் தேய்த்து, பெயின்ட் அடித்து, காய்ந்ததும் காருக்குப் போடுவதுபோல உட்காரும் பலகை வரைக்கும் மெழுகு பாலிஷ் போட்டேன்.

அண்ணன் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டு ஏறினார். ஏறிய வேகத்தில் வழுக்கி மறுபக்கம் விழுந்தார். எழுந்து விளிம்பைப் பிடித்தால் கை நிற்கவில்லை. படகு அவரை விட்டுவிட்டு வலையோடு நகர்ந்தது. நல்லவேளை, இடுப்பளவுதான் தண்ணீர்.

"இன்னாம்மா பண்ணி வச்சிகீற? ஏறவும் முடியல, புடிக்கவும் முடியல!" என்று கத்தினார்.

"ஃபினிஷிங் எப்படி கீது, அதச் சொல்லுண்ணா" என்றேன்.

அதற்குள் ஆழத்துக்குப் போய்விட்ட படகின் பின்னால் அண்ணன் நீந்திப் போனார்.

இப்போதெல்லாம் பெயின்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்படியும் நான் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தாலே, அண்ணன் ஓடிப்போய் படகை மரத்தில் கட்டிவிடுகிறார்.