பள்ளிவாசல் என்று எழுதிய மனு

மஸ்கட்டில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையில் வருகிறது. இங்கே வார விடுமுறை வெள்ளி என்பதால் ஞாயிறு பூசையை அன்றே வைத்துவிடுகிறார்கள். வந்த புதிதில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருந்தது எனக்கு. முதல் வெள்ளியன்று கேம்ப் பஸ்ஸிலிருந்து மாதா கோயில் வளாகத்தில் இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். பிலிப்பைன்ஸ்காரர்கள், மலையாளிகள், கோவாக்காரர்கள், வெள்ளைத் துணி போர்த்திய எத்தியோப்பியப் பெண்கள் என்று கூட்டம் அலைமோதியது. நிலம் கொடுத்தது இந்த முஸ்லிம் நாடு. வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் ஒரு முஸ்லிம் போலீஸ்காரர். மணிச் சத்தம் மட்டும் இல்லை. "சுவருக்கு வெளிய கேக்குற மாதிரி எதுவும் செய்யிறதில்ல தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற தூத்துக்குடி அண்ணன். இரண்டையும் எழுதுகிறேன். ஒன்றை மறைத்து மற்றதை மட்டும் ஊருக்கு எழுதினால் அது பொய்.

என் ஊர் நெய்வேலி நகரியத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே, கம்மாபுரம் போகிற பக்கம் இருக்கும் ஒரு காலனி. என் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டிய குடும்பம். அப்பா மிக்கேல் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியைக் கூட்டி அள்ளுவார். குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து, இங்கே ஒரு சிமென்ட் ஆலையில் அதே மாதிரி பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிறேன். பெல்ட்டில் கை வைக்கும் முன் பெர்மிட் படிவம் நிரப்ப வேண்டும். சுற்றிலும் என்னென்ன இருக்கிறது, எந்த வயர், எந்தக் குழாய், எங்கே பள்ளம் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் என் மேற்பார்வையாளர் ஸயீத் அதைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அப்படி எழுதி எழுதிப் பழகிய கைதான் அப்பாவை மாட்டிவிட்டது.

பெரிய வெள்ளியன்று எங்கள் காலனியிலிருந்து நகரியத்து மாதா கோயில் வரை சிலுவைப் பாதை போகும். இயேசு சிலுவை சுமந்து நடந்ததை நினைத்து, தலம் என்று சொல்லும் பதினான்கு இடங்களில் நின்று செபம் சொல்லிக்கொண்டே நடப்போம். ஆள் உயரத்துக்கு மேலான மரச் சிலுவையை நேர்ச்சை செய்துகொண்ட ஒருவர் சுமப்பார். எனக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தால் மூன்று வருடம் சுமப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இது மூன்றாவது. நேர்ச்சை பாதியில் நின்றால் பிள்ளையின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது அவருடைய பயம். படித்த நான் அதை நம்புவதில்லை. ஆனால் அப்பா தூங்காமல் கிடப்பார் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து காலனியின் மனுக்களை எழுதுவது நான்தான். ரேஷன் கார்டு, தெருவிளக்கு, பட்டா எல்லாவற்றுக்கும். இந்த ஊர்வலத்துக்கு வருடா வருடம் இரண்டே வரி: மெயின் ரோடு வழியாகச் செல்கிறோம், அனுமதி வேண்டும். இந்த முறை மஸ்கட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். பெர்மிட் எழுதுகிற பெருமையில் ரேஷன் கடை, பள்ளிவாசல், பஸ் ஸ்டாப் என்று வழியெல்லாம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரமும் போட்டேன். பள்ளிவாசலுக்கு நேரே பகல் ஒரு மணி. பெரிய வெள்ளி எப்போதும் ஜும்மா தொழுகை நாளில்தான் வரும், ஊர்வலமும் எப்போதும் அந்த வழியாகத்தான் போகும். யாரும் அதை எழுதிக் காட்டியதில்லை, அவ்வளவுதான். இந்த வருடம் அது நோன்பு மாதத்தில் வேறு வந்தது. ஸ்டேஷனில் மனுவைப் படித்த இன்ஸ்பெக்டர் 'பள்ளிவாசல்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார். முஸ்லிம் மக்களின் உணர்வு கருதி அனுமதி இல்லை, வேண்டுமானால் கோயில் வளாகத்துக்குள்ளேயே சுற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

என் தங்கை ஸ்டெல்லா போனில் அழுதாள். "உன்ன யாரு அண்ணா அவ்ளோ விவரமா எழுதச் சொன்னது? அப்பா ரெண்டு நாளா சோறு துன்னாம ஒக்காந்துகினு இருக்காரு." அதற்குள் கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மறியல் செய்யுங்கள், டிவிக்காரர்களை நான் கூட்டி வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிப் போயிருக்கிறார். நமக்கும் பாய்மாருக்கும் எந்தச் சண்டையும் இல்லாதபோதே ஒரு சண்டைக்கு மேடை போட்டாகிவிட்டது. போட்டவன் நான்.

மறுநாள் காலை ஜப்பார் பாய் காலனிக்கு வந்தார். பள்ளிவாசலின் செயலாளர் அவர். நகரியத்துக்கு வெளியே பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். அப்பாவைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். கூடவே போன ஸ்டெல்லா, அங்கே நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எனக்குச் சொன்னாள்.

"சார், எங்க உணர்வு புண்படும்னு சொல்லிக்கீறீங்களாமே. எந்த பாய் வந்து சொன்னான்?"

"யாரும் சொல்லலங்க. ஒரு முன்னெச்சரிக்கைதான்."

"ஈசா நபி சிலுவையில செத்தாருன்னு எங்க மார்க்கத்துல கெடையாது சார். அல்லா அவர உசுரோட எடுத்துக்கினாரு. அது எனக்கும் இந்த மிக்கேலுக்கும் உள்ள வழக்கு, அத மறுமையில பேசிக்கிறோம். அதுக்காவ அவரு ரோட்டுல நடக்கக்கூடாதுன்னு நான் எப்ப கேட்டேன்? எங்க பேர சொல்லி அவர ஏன் நிறுத்துறீங்க? நாளைக்கி பெருநாளைக்கு நாங்க ரோட்டுல தொழுவ பாய் விரிச்சா, இவங்க பேர சொல்லி எங்கள நிறுத்துவீங்க."

"ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"பேப்பர் குடுங்க. கையெழுத்து போடறேன்."

அனுமதி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அப்பா, "நோன்பு வச்சிகினு இப்டி கத்தலாமா பாய்?" என்று கேட்டாராம். "கத்துனா நோன்பு முறியாது மிக்கேலு. வண்டியில ஏறு, தொண்ட காஞ்சி போச்சி" என்றாராம் அவர்.

நான் பெல்ட் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். நம்புகிறவன் நம்புகிறவனுக்காகப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். நம்பாதவன், 'நம்பவில்லை' என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதே வாயால் இன்னொருவனின் வழிக்காக நிற்பதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. உரிமை என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதியவன். அது க்ரீஸ் கறை படிந்த கையில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

பெரிய வெள்ளியன்று எனக்கு ஷிப்ட். லீவு கேட்க ஸயீத்திடம் போனேன். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி அரபி, மீதி கை. இயேசு இறந்த நாள், கோயிலுக்குப் போக வேண்டும் என்றேன்.

அவர் பதறிப்போனார். "ஈசாவா? ஈசா மாஃபி மௌத்! சாகவில்லை!"

"அப்படியென்றால் லீவு மாஃபி? இல்லையா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஒரு துக்கத்தைத் தவறாகத் தூக்கிக்கொண்டு திரிகிறேன் என்பதுபோல அவர் முகத்தில் உண்மையான கவலை. பிறகு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "போ, போய்த் துஆ செய். எனக்காகவும்" என்றார்.

அன்று கோயில் வளாகத்தின் சுவரோரம் உட்கார்ந்து போனில் ஊரைப் பார்த்தேன். ஸ்டெல்லா படம் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஊர்வலம் அங்கே வந்து சேரத் தாமதமாகிவிட்டது; ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் இரண்டு வரிசையாகத் தொப்பி போட்ட ஆண்கள் நின்றிருந்தார்கள். இயேசு மூன்றாம் முறை விழும் ஒன்பதாம் தலம் அங்கேதான். எங்கள் காலனி வழக்கப்படி, சிலுவை சுமப்பவர் அந்த இடத்தில் தார் ரோட்டில் நிஜமாகவே விழ வேண்டும். நம் ஆட்கள் யாரும் கை கொடுக்கக் கூடாது, அவரே எழ வேண்டும். அப்பா விழுந்தார். எழவில்லை. வெயிலும் பட்டினியும் சேர்ந்துகொண்டன. முட்டியை ஊன்றினார், சரிந்தார். மறுபடி ஊன்றினார். எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை, அசையக் கூடாது. இவ்வளவும் ஆகி அங்கேயே நேர்ச்சை முறிந்துவிடுமோ என்று நான் இங்கே போனை முகத்தருகே கொண்டுபோனேன். அப்போது வரிசையிலிருந்து ஜப்பார் பாய் வெளியே வந்தார். மற்ற வருடங்களில் அந்த நேரம் உள்ளே தொழுகையில் இருப்பவர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. சிலுவையை அவர் தொடவில்லை. அப்பாவின் இரண்டு அக்குளுக்கும் கை கொடுத்து நிமிர்த்தி, அவர் கால் ஊன்றும்வரை பிடித்திருந்து, பிறகு விலகி வரிசைக்குள் போய் நின்றுகொண்டார். அப்பா குனிந்து சிலுவையை எடுத்துத் தோளில் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவே போனில் கூப்பிட்டார். நேர்ச்சை செல்லுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "பாய் தூக்கினது என்னத்தாண்டா. சிலுவைய நாந்தான் தூக்குனேன். முடிஞ்சிடுச்சி, நீ வேலையப் பாரு."

மூன்று மணிக்கு இங்கே சிலுவைப் பாதை. வளாகச் சுவரின் உட்புறமே பதினான்கு தலங்கள். ஒரு தலத்திலிருந்து அடுத்ததற்குச் சுமக்க என் முறை வந்தது. வாசலருகே போனதும் உள்பக்கம் திரும்ப வேண்டும். என் கால் திரும்பவில்லை. நெய்வேலிக் கால், அது நேரே ரோட்டுக்குப் போகப் பார்த்தது. நின்றேன். சிலுவை வாசலுக்கு உள்ளேயே இருந்தது. அதன் நிழல் மட்டும் கேட் கம்பிகளைத் தாண்டி வெளியே சாய்ந்து, நோன்போடு வெயிலில் நின்றுகொண்டிருந்த போலீஸ்காரரின் பூட்ஸ்மேல் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். விலகவில்லை, அப்படியே நின்றார். பின்னால் யாரோ தமிழில் அடுத்த செபத்தைத் தொடங்கும்வரை நானும் நின்றேன்.