மறக்கத் தெரியாத பெட்டி

போன மாதம் ஒரு பின்னேரம் சிவபாதம் அண்ணர் என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். மெதுவாக ஒன்று கேட்டார். அன்று தொடங்கி எனக்குச் சரியான நித்திரை இல்லை.

அண்ணர் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர். பரந்தனுக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற இடம் எங்களுடையது. சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிரில், தண்ணீர் குறைவு. எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது? தலைவர் சொல்வதுதான்.

இவ்வளவு காலமும் கை உயர்த்தித்தான் தலைவரைத் தெரிவு செய்தோம். யார் கை உயர்ந்தது, யார் கை உயரவில்லை — எல்லோருக்கும் தெரியும். இந்த முறையாவது இரகசியமாக இருக்கட்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. வவுனியாவில் இருக்கிற குமரன் என்ற என்ஜினியரிடம் வாக்களிக்கிற பெட்டி ஒன்று செய்யச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், வயலும் இல்லை. ஆகவே தேர்தலை நடத்துகிற பொறுப்பு என் தலையில்.

கமிட்டி குமரனிடம் என்னென்ன கேட்டது தெரியுமா? கரண்ட் போனாலும் பெட்டி வேலை செய்ய வேண்டும். ஒருவர் பட்டனை இரண்டு தரம் அமத்தினாலும் ஒரு வாக்குத்தான் விழ வேண்டும். எழுத்து வாசிக்காதவருக்கும் விளங்க வேண்டும். குமரன் எல்லாம் செய்து தந்தார்.

தேர்தல் நாளில், முதலாம் வாய்க்காலில் இருந்து கடைசி வாய்க்கால் வரை நான்தான் பெயர் கூப்பிட்டேன். சிவபாதம் அண்ணர் திரும்பவும் வென்றார். எதிர்த்து நின்ற நடராசா தோற்றார். பெட்டியை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த நாள் காலை நடராசா வந்தார்.

"பெட்டி சொன்னதுக்கு என்ன அத்தாட்சி ரீச்சர்? எண்ணிக் காட்டுங்கோவன்."

நியாயமான கேள்விதானே? குமரனுக்குப் போன் எடுத்தேன்.

"பிரச்சினை இல்லை ரீச்சர்," என்றார் குமரன் பெருமையாக. "பின்பக்கத்தில ஒரு பட்டன் இருக்கு. அமத்தினால் எல்லா வாக்கையும் விழுந்த ஒழுங்கிலயே காட்டும். சிவபாதம் ஐயாவும் கேட்டவர், சொன்னனான்."

விழுந்த ஒழுங்கில்... அது நான் பெயர் கூப்பிட்ட ஒழுங்கு. ஊருக்கே மனப்பாடமான வாய்க்கால் ஒழுங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் யாருக்குப் போட்டது என்று தெரிந்துவிடும்.

அன்று பின்னேரம்தான் அண்ணர் வந்தார்.

"தண்ணி பங்கிடவேணும் ரீச்சர். ஆர் எங்கட ஆக்கள் எண்டு ஒருக்காப் பாத்துச் சொன்னீங்கள் எண்டால் நல்லது. வேற ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணர்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன கையோடு செல்வமணி வந்தார். மலையகத்திலிருந்து வந்து கடைசி வாய்க்காலில் குடியேறிய குடும்பம். வேலிப் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நான் எதை அமுக்கினேன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியுமாமே டீச்சர். நெசமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். முடியவில்லை. "ஓம்" என்றேன்.

"தண்ணி வரலைன்னா இந்தப் போகம் போச்சு" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

திரும்பவும் குமரனைக் கூப்பிட்டேன். "அதை அழிக்கலாமோ?"

குமரன் சொன்னார்: "அழிக்கலாம். ஆனால் பிறகு நீங்கள் அறிவிச்ச முடிவுக்கு ஒரு சாட்சியும் இராது ரீச்சர்."

வைத்திருந்தால் செல்வமணிக்கு ஆபத்து. அழித்தால் நடராசாவுக்குப் பதில் இல்லை. கமிட்டி இத்தனையும் கேட்டதே — பெட்டி கணக்கை வைத்துக்கொண்டு ஆளை மறந்துவிட வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பொதுக்கூட்டம் கூட்டச் சொன்னேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். இந்த முடிவு வேண்டாம், கடதாசியில் திரும்ப வாக்குப் போடுவோம் என்றேன். அண்ணர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. முதலில் கை உயர்த்தியவர் நடராசா, பிறகு ஒவ்வொருவராக மற்றவர்கள். குமரன் பெட்டியைத் திறந்து, வாக்குகள் பதிந்திருந்த சிப்பை எடுத்து, எல்லோர் முன்னாலும் சுத்தியலால் நொறுக்கினார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அதுக்கு முதல் நீங்கள் பாத்தனீங்களோ ரீச்சர்?"

"இல்லை."

நம்பினார்களா? தெரியாது. பார்க்கவில்லை என்பதற்கு நான் எதைக் காட்டுவது?

கடதாசியில் போட்டார்கள். செல்வமணி மறைப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். வாக்குகளைச் சபையிலேயே எண்ணினோம். வென்றது அண்ணர்தான். நடராசா எழும்பி அவருக்குக் கை கொடுத்தார்.

அண்ணர் இப்போது வீதியில் கண்டால் கதைப்பதில்லை. என் படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலே எழும்பிப் போய்க் கதவைப் பூட்டுகிறேன்.

ஆனால், கடைசி வாய்க்கால் வரைக்கும் தண்ணீர் வருகிறது — யார் தனக்குப் போடவில்லை என்று அவருக்குத் தெரியாதே.