பால்கனியில் அவள் இருந்த நாட்கள்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த பில்டிங்கில், மூன்றாவது மாடியில், எங்களுக்கு அடுத்த குடித்தனத்தில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பத்திரமான இடம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நாலடி அகலத்தில் ஒரு பால்கனி. அதை நான் கெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வாய் அப்படி, யோசிப்பதற்கு முன்னால் பேசிவிடும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, ஐந்து மாதக் கர்ப்பம், மூக்கு நுனியில் கோபம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். குண்டுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடியில் எல்லாரும் காகிதம் ஒட்டியிருந்தோம். அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்துவிட்டிருந்தது. ஆனாலும் உள்ளதைச் சொன்னால் பம்பாய் எனக்குப் பிடித்திருந்தது. பாலக்காட்டில் புக்ககத்தில் பதினாலு பேர். இங்கே நாங்கள் இரண்டே பேர். ஏன் சிரித்தாய், தலையில் எதற்கு இத்தனை பூ என்று கேட்க ஆள் கிடையாது. கணவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். சாயந்திரம் கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகலாம். பில்டிங் முழுக்க எங்களை மாதிரிதான். ஆபீஸ் உத்தியோகம், கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம், வீட்டுக்கு இரண்டு பேர். கதவைச் சாத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. நாங்கள் எல்லாரும் ஆசைப்பட்டதே அதற்குத்தான்.

ஊர்ப் பழக்கங்களில் பலதும் ரயிலில் வரும்போதே நழுவிவிட்டன. ஒன்று மட்டும் கூடவே வந்தது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் புழங்க மாட்டோம். யாரையும் தொடாமல், எதையும் தொடாமல் ஒதுங்கி உட்கார வேண்டும். ஊரில் சமைக்க வேறு பெண்கள் இருந்தார்கள். பம்பாயில் யார் இருக்கிறார்கள்? புருஷன்தான் சமைக்க வேண்டும். என் கணவர் வைக்கும் ரசத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. மனுஷர் பாவம், காலையில் பொங்கி இறக்கி வைத்துவிட்டு எட்டே கால் லோக்கல் ரயிலுக்கு ஓடுவார். நான் பால்கனியில் பாயைப் போட்டுக்கொண்டு, தனித் தட்டும் டம்ளருமாக ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பால்கனிக்கும் பக்கத்துக் குடித்தனத்தின் பால்கனிக்கும் நடுவில் மரச்சட்டம் அடித்த ஒரு தடுப்புதான். அங்கேதான் அவளும் உட்காருவாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னை மாமி என்பாள். அவள் கணவர் கோட்டைப் பக்கம் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். சந்தியாவந்தனம் தவறாது, ஹோட்டலில் ஒரு காபி குடிக்க மாட்டார். குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுவார். மார்க்கெட்டிலிருந்து காய்கறி அவரேதான் வாங்கி வருவார். கொடுத்து வைத்தவள் என்று மற்ற வீட்டுப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். நானும்தான் விட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேச ஆரம்பிப்பார். வார்த்தை புரியாது. தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி, கொஞ்சம் மௌனம், மறுபடி ஒரு கேள்வி. அவள் பதில் சொல்கிறாளா இல்லையா என்பதே கேட்காது. சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. என் கணவர், அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார் போலிருக்கிறது என்றார். இருக்கும் என்று நானும் நினைத்தேன். நினைப்பது சௌகரியமாக இருந்தது.

ஒரு நாள் குழாயடியில் பார்த்தேன். இடது கையில் இரண்டு விரல் வீங்கி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தாள். கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். பார்த்து நடக்கக்கூடாதா என்று அவளைத்தான் நான் கடிந்துகொண்டேன். எந்தக் கதவு என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் ஒரே மாதிரிக் கதவுகள்தான். எதிலும் விரல் மாட்டுகிற மாதிரி இடுக்கு கிடையாது.

பால்கனியில் உட்காரும் நாட்களில் அவள் வேறு பெண்ணாக இருப்பாள். சின்னக் குரலில் ஏதாவது பாடுவாள். கீழே காய்கறி விற்றுக்கொண்டு போகிற பாஜிவாலி மாதிரியே கூவிக் காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். அவள் கணவர் தட்டை நிலைப்படியில் வைத்து விரலால் தள்ளிவிட்டு நாலடி பின்னால் போய்விடுவார். தீட்டு அல்லவா? அந்த மூன்று நாளும் தொட மாட்டார், கேள்வியும் கிடையாது. மத்தியானத்தில் அவள் வாயைத் திறந்துகொண்டு குழந்தை மாதிரி தூங்குவாள்.

"இங்க வந்தாத்தான் மாமி நேக்குத் தூக்கம் வரது" என்று ஒரு தடவை தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

வராமல் என்னடியம்மா, புருஷன் சமைத்துப் போடுகிறான், அடுத்த வீட்டுக்காரி உனக்கும் சேர்த்து ரேஷன் க்யூவில் நிற்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் நின்றது நான். விலகியிருக்கிறவள் அரிசியைத் தொடக்கூடாது. அதனால் அவளுடைய கார்டையும் பையையும் நானே தூக்கிக்கொண்டு போவேன். நான் கர்ப்பம் என்பதால் எனக்கு ஓய்வு நாளும் கிடையாது. இரண்டு பையோடு மூன்று மாடி ஏறி வருவேன், மூச்சு இரைக்கும், வயிறு இழுத்துப் பிடிக்கும்.

அவளுக்கு மூன்று நாள் ஐந்து நாளாயிற்று. அப்புறம் மாதத்துக்கு இரண்டு தடவை ஆயிற்று. உடம்பில் ஏதோ கோளாறு என்று அவரிடம் சொல்லியிருந்தாள். புருஷர்களுக்கு என்ன தெரியும்? ஆனால் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவள் துவைத்துக் கொடியின் ஓரத்தில் மறைத்து உலர்த்துகிற துணிகள் உண்டே, எல்லாப் பெண்களும் உலர்த்துகிறது, இரண்டாம் தடவையில் கொடியில் அவற்றைக் காணோம். ஒரு துண்டுகூட இல்லை. ஓகோ, அப்படியா சமாசாரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குப் பயந்துகொண்டு நடிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். எதற்குப் பயந்துகொண்டு என்று நான் கொஞ்சம் நிதானித்திருக்கலாம். விரலைப் பார்த்தவள்தானே, சுவர் வழியாகக் கேட்டவள்தானே? பாதி தெரிந்தும் மீதியை யோசிக்க எனக்குச் சோம்பல்.

அன்று ஒரு சாயந்திரம். இரண்டு பையோடு இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து வந்த அவள் கணவர் பின்னாலேயே ஏறி வந்தார். உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுக்கிறோம் என்றார். தங்கள் வீட்டுப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவளை ஒரு லேடி டாக்டரிடம் காட்டலாம் என்று இருக்கிறேன், உங்களுக்கு யாரையாவது தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

"டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவ உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. பொம்மனாட்டிக்குப் பொம்மனாட்டியைத் தெரியாதா? வேலைக்குச் சோம்பல்பட்டுண்டு போய் உக்காந்திண்டிருக்கா. நீங்களும் அதை நம்பிண்டு கரண்டி பிடிக்கறேள்" என்றேன்.

"அப்படியா" என்றார். கோபமே வரவில்லை. "எத்தனை நாளா?"

மூன்று மாதமாக இருக்கும் என்று சொன்னேன். அதையும் சொன்னேன். அவர் மேலே பார்த்தபடி மனசுக்குள் எண்ணுகிற மாதிரி நின்றார். பிறகு, சொன்னதற்கு ரொம்ப சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, என் பையையும் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அப்பாடா, சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே அந்தப் பக்கம் குரல் ஆரம்பித்துவிட்டது. நான் பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். பாய் விரித்தபடி கிடந்தது. டம்ளர் உருண்டு கிடந்தது. அவள் இல்லை. உள்ளே வந்து, இன்றைக்குப் பாடம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது என்றேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் அழுதிருந்தாலாவது தேவலை. அவள் பக்கத்திலிருந்து எதுவுமே கேட்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த பிறகுதான் நான் அந்தச் சுவர்ப் பக்கமே நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பால்கனிக் கதவுக்கு அவரே ஒரு நாதாங்கி அடித்துப் பூட்டுப் போட்டார். ஆணி அடிப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த நிலைமையில் உங்களுக்குச் சத்தம் தொந்தரவாக இருக்குமா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். வயிற்றுக்குள் இருந்த குழந்தை அன்று முழுக்க அசையாமல் கிடந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பகலில் போய்க் கதவைத் தட்டினேன். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சாண் திறந்தாள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"வராதேங்கோ மாமி. யார் வந்தான்னு கேப்பார். பொய் சொல்ல இனிமே நேக்குத் தைரியம் இல்லை" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்று என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று சண்டை போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவரும் இல்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நாம் எந்த முகத்தோடு போய் நிற்பது என்றார். ஊர் என்றால் அவருடைய அப்பா இருப்பார், இவளுடைய அண்ணா இருப்பான், யாராவது அதட்டுவார்கள், இங்கே நாம் யார் என்றார். என்னைப் பிடுங்கி எடுத்த அந்தப் பதினாலு பேரை முதல் தடவையாக நினைத்துக்கொண்டேன். அவர்கள் வந்தாலும் இவளுக்காகப் பேசியிருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் அவ்வளவு பேர் நடமாடுகிற வீட்டில் ஒருவன் தினம் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கேள்வி கேட்க முடியாது.

இரண்டு மாதத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். பம்பாயைத் தாண்டி அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. குவார்ட்டர்ஸ், தனி வீடு. பக்கத்துச் சுவர் என்று ஒன்று இல்லாத வீடு என்று அவரே திருப்தியாகச் சொன்னார். கூலிக்காரன் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். அவர் கீழே டாக்சிக்காரனிடம் நின்றிருந்தார். என்னிடம் வாங்கியிருந்த ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அவள் வந்தாள். ஊரெல்லாம் அளக்கிற என் நாக்குக்கு அன்றைக்கு ஒரு மன்னிப்புக் கேட்கத் துப்பில்லை.

அவளே பேசினாள். "நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலை மாமி. உள்ளதைத்தானே சொன்னேள்" என்றாள். என் வயிற்றை ஒரு தரம் பார்த்தாள். கீழேயிருந்து அவர் கூப்பிடவில்லை, சும்மா ஒரு தரம் கனைத்தார். உடனே இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குப் பெண் பிறந்தது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது நான் மறுபடி முதல் தடவையாகப் பால்கனியில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குஜராத்திக் குடும்பம் வந்திருந்தது. சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்த என் கணவர் கரண்டியும் கையுமாக நிலைப்படியில் வந்து நின்றார். முகத்தில் ஒரு புதுத் தெளிவு. தாதர் ஸ்டேஷனில் அவள் கணவரைப் பார்த்தாராம். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

சௌக்கியம் என்றுதான் அவர் சொன்னாராம். மனுஷர் அடியோடு மாறிவிட்டார் என்றார் என் கணவர். குடுமியை எடுத்து கிராப் வைத்துக்கொண்டாயிற்று, ஆசாரம் எல்லாம் மலையேறிவிட்டது, என்ன தெளிவான பேச்சு என்று வியந்துகொண்டார்.

"இந்தக் காலத்துல பொம்மனாட்டியை வெளில உக்கார வைக்கறது காட்டுமிராண்டித்தனம், எங்காத்துல அதை சுத்தமா நிறுத்திட்டேன்னார். கேட்டப்போ நேக்கே வெக்கமா இருந்தது. நாமளும் விட்டுடலாமா? கைக்குழந்தையை வெச்சுண்டு நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

அன்பாகத்தான் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அப்போ அவ எங்க போய் உக்காருவா?" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சிரித்தார். "ஏன், வீடு பூரா உக்காரலாமே. எங்க வேணும்னாலும் உக்காரலாம். அதுக்குத்தானே நிறுத்தினது" என்றார்.