துள்ளாத தவளைகள்

ஏற்காட்டு மலையில் நான் கட்டியதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். செம்மநத்தம் போகும் வழியில் ஒவ்வொரு மழைக்கும் சரிந்துகொண்டிருந்த சாலைக்குக் கல்லடுக்கித் தாங்குசுவர் எழுப்பியவன் நான். ஏரிப் பக்கம் மாடி வைத்த லாட்ஜ் ஒன்று, கிளியூருக்குப் போகும் வழியில் மாதா கோயில் மணிக்கூண்டு, எத்தனையோ காப்பிக் களங்கள், பாறையை உடைத்து இறக்கிய கிணறுகள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டு அறுந்தது. சேலத்திலிருந்து லாரி ஏறாத மழை நாளில் சிமெண்டு மூட்டையைக் கழுதை மேல் ஏற்றி வந்திருக்கிறேன். நிற்காது என்று என்ஜினீயர்கள் சொன்ன சுவர்கள் இன்றும் நிற்கின்றன. சொன்னவர்கள்தான் இல்லை.

இத்தனை கட்டியும், கண்ணை மூடினால் எனக்கு முன்னால் வருவது கட்டடம் அல்ல, ஈரச் சாக்கு போட்டு மூடிய ஒரு மூங்கில் கூடை. அந்தக் கூடையால்தான் ஒரு எஸ்டேட் மானேஜரை நான் தலைகுனிய வைத்தேன். போன மாதம் அவருடைய நினைவாக ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். ஓடையைக் காத்தவர் என்று அதில் அச்சடித்திருக்கிறது. படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், அந்த மானேஜரின் எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்டும் வேலை எனக்கு வந்தது. மேட்டு ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் இறக்க வேண்டும். கிணறோ தொட்டியோ கட்டி முடித்தால் நான் அதில் ஒரு தவளையை விடுவது வழக்கம். அது நன்றாக நீந்திக்கொண்டிருந்தால்தான் மற்றவர்களைக் குடிக்கச் சொல்வேன். இந்தத் தொட்டியிலும் விட்டேன். மறுநாள் அது ஓரத்தில் மல்லாக்கக் கிடந்தது. வேறொன்று விட்டேன். குடித்தவன் போல ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. குச்சியால் தொட்டால் பின்னங்காலை இழுத்ததே தவிர எம்பவில்லை.

காரணம் தேடி ஓடையோரமாகவே மேலே ஏறினேன். காப்பி இலையில் துரு நோய் விழாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பார்கள். அந்த நீல மருந்து கரைத்த டிரம்களை, எங்கள் குழாய் தொடங்கும் இடத்துக்கு மேலேயே ஓடையில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்லெல்லாம் நீலப் பூச்சு. தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் வாலாட்டாமல் அடியில் படிந்திருந்தன. மயில்துத்தத்தில் இருப்பது செம்பு, அது ஈரத்தோல் வழியாகவே தவளைக்குள் இறங்கும் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு எனக்குச் செம்பும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தவளை துள்ளவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, கையில் பிரம்பு. அவர் சிரித்தார். "தவளைக்கு ஒடம்பு சரியில்லைன்னா மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்யா." கணக்கெழுதும் ரைட்டரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து நான் தவளை மேஸ்திரி.

அந்தப் பெயரைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் என்னைக் கேட்காமலே தொட்டியைத் திறந்துவிட்டார்; லைன் வீடுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும், மேஸ்திரி கலந்த கெட்ட சிமெண்டுதான் காரணம் என்று அவர் ஒவ்வொரு எஸ்டேட்டிலும் சொல்லிவைத்தார். வேலை நின்றது. பஜாரில் எதிரே வந்தவர்கள் கடைக்குள் நுழைந்துகொண்டார்கள். என் மனைவி ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்காமலே வாசலில் நின்று சொன்னாள்: "ஏனுங்க, குழாயடில உங்க கை பட்ட தண்ணி விசம்ங்கறாங்க. நானு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க போறது?" அந்த மனுசனை எல்லோர் முன்னாலும் நிறுத்தாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

தொட்டியைச் சுரண்டிக் கழுவி, முதலாளியை வரவழைத்து, மாதா கோயில் சாமியாரை மந்திரிக்கச் சொல்லி மறுபடி திறப்பதாக மானேஜர் ஏற்பாடு செய்தார். ஆனால் தவளை உயிரோடு நீந்துவதைப் பார்க்காமல் குடிக்க மாட்டோம் என்று லைன் சனம் ஒரே பிடியாக நின்றது. என் வழக்கம் அந்த அளவுக்கு ஊன்றியிருந்தது. சரி, தவளைதானே என்று மானேஜர் வாட்ச்மேனை அனுப்பினார்.

திறப்பு நாளன்று காலையில் அந்த வாட்ச்மேன் கூடையோடு என் வீட்டைத் தாண்டிப் போனார். சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். கூடை நிறையத் தவளை. எதுவும் அசையவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாக்கை மூடி அவரைப் போகவிட்டேன். மருந்துத் தண்ணீர் போகாத கிளியூர்ப் பக்கம் ஓடி, வழுக்கி விழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஒரே ஒரு தவளையைப் பிடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

சாமியார் மந்திரித்து முடித்தார். முதலாளி கையில் தொட்டித் தண்ணீர் நிறைந்த டம்ளர். நான் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தேன்.

"ஏனுங்க வாட்ச்மேன், ஒரு பொழுதுல இத்தன தவளைய எப்படிங்க புடிச்சீங்க?"

அவர் பெருமையாகச் சொன்னார். "எங்க புடிச்சேன்? காப்பிப்பழம் பொறுக்கற மாதிரி பொறுக்குனேனுங்க. ஒண்ணுகூட ஓடுலீங்க."

"எங்கீங்க பொறுக்குனீங்க?"

"டிரம்மு கழுவற எடத்துலதானுங்க. அங்க நொம்பச் சுளுவு."

நான் கூடையைத் திறந்து தரையில் கவிழ்த்தேன். தவளைகள் கொட்டிய இடத்திலேயே குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் மஞ்சள் பையை அவிழ்த்தேன். கிளியூர்த் தவளை ஒரே எம்பில் முதலாளியின் பூட்ஸ் மேல் விழுந்து, அங்கிருந்து சாமியாரின் அங்கியைத் தொட்டு, புல்லுக்குள் மறைந்தது. லைன் பெண்கள் சிரித்தார்கள். பிறகு தரையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

முதலாளி டம்ளரை வாயருகே கொண்டுபோகாமல் நின்றார். "மானேஜரய்யா மொதல்ல குடிக்கட்டுங்க" என்றேன். முதலாளி டம்ளரை அவரிடம் நீட்டினார். மானேஜர் வாங்கினார். குடிக்கவில்லை. அவர் டம்ளரைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். என் வாழ்நாளில் அதைவிட ருசியான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

டிரம் கழுவும் இடத்தை ஓடையை விட்டு விலக்கித் தனிக் குழி கட்ட முதலாளி உத்தரவு போட்டார். அதை நான்தான் கட்டுவேன் என்றேன், மானேஜரே என் வீட்டுக்கு வந்து கூப்பிட்டால். வந்தார். மழையில் வாசலில் நிற்கவைத்து, காப்பி குடித்து முடித்த பிறகே வெளியே போனேன். மன்னித்துவிடு என்று சாமியார் பலமுறை சொன்னார். அது அவருடைய வேலை. என் வேலை கட்டுவது.

சில மழைக்காலம் போய் ஓடையில் மறுபடி தவளைச் சத்தம் கேட்டது. அதற்குள் தொட்டியில் ஒரு கல் பதித்துவிட்டார்கள். அதில் மானேஜரின் பெயர் மட்டும் இருக்கிறது. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லாதீர்கள் என்கிறார்கள் என் பிள்ளைகள். செத்தவரைப் பற்றிப் பொய் மட்டும் அச்சடிக்கலாமோ?

எண்பது வயதைத் தொடப்போகிறேன். மலர் போட்டவர்களும் எஸ்டேட்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூடையை நிரப்பியது அவருடைய விஷம். அதைக் கவிழ்த்தது என் கை. தொட்டியைக் கட்டியதும், குழியைக் கட்டியதும், ஓடையைக் காத்ததும் நான். அந்தக் கல்லில் என் பெயரை வெட்டுங்கள். அவர் பெயருக்குக் கீழே அல்ல, மேலே. உளியும் ஆளும் உங்களிடம் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், நானே வருகிறேன்.